இருபத்திரண்டு நிமிடத் தூரம், ஒரு மணி நேரப் பயணம்

திருச்சி விமான நிலையத்திலிருந்து வரைபடத்தில் ஒரு நேர்கோடு போட்டால் சென்னை விமான நிலையம் சுமார் 294 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்துப் பலாலி சுமார் 184 கிலோமீட்டர்தான். திருச்சிக்காரருக்குத் தன் மாநிலத் தலைநகரைவிட யாழ்ப்பாணம் 110 கிலோமீட்டர் கிட்டத்தில் இருக்கிறது. எதிர்ப்பக்கம் போய் நின்றாலும் இதே கதைதான். பலாலியிலிருந்து கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையம் ஏறக்குறைய 290 கிலோமீட்டர். இரண்டு ஊர்களும் தத்தம் தலைநகரங்களைவிட ஒன்றுக்கொன்று அண்டை வீடுகள். நடுவே கடலும் ஓர் எல்லைக்கோடும் இருப்பதால் இது சட்டென்று யாருக்கும் தோன்றுவதில்லை.

2025 மார்ச் 30 முதல் இந்த 184 கிலோமீட்டரை இண்டிகோ நிறுவனத்தின் ஏ.டி.ஆர். விமானம் பறந்து கடக்கிறது. இறக்கைகளின் முன்னால் ஆறு அலகு விசிறிகள் சுழலும், 78 இருக்கை கொண்ட சின்ன விமானம். உச்ச வேகம் மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டியது. பள்ளிக்கூடக் கணக்குப்படி 184-ஐ 500-ஆல் வகுத்தால் 22 நிமிடம். ஆனால் பயண அட்டவணையில் இருப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

மிச்சம் 38 நிமிடம் எங்கே போனது?

அதற்கு முன் தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விமானிகளும் மாலுமிகளும் கிலோமீட்டரில் பேசுவதில்லை. அவர்களுக்குக் கடல் மைல். அதன் நீளம் 1,852 மீட்டர். ஏன் இப்படியொரு கோணலான எண் என்று கேட்கத் தோன்றும். பூமிப்பந்தின் அட்சரேகையில் ஒரு பாகையை அறுபது பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு கலை. அந்த ஒரு கலைக்கு நிலத்தில் உள்ள நீளம்தான் ஒரு கடல் மைல். இதைத் தெரிந்துகொண்டால் அளவுகோல் இல்லாமலே சில தூரங்களைச் சொல்லிவிடலாம். அதற்குச் சென்னையையும் பலாலியையும்விட நல்ல ஜோடி கிடைப்பது அரிது, ஏனென்றால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில், ஒன்றுக்கு நேர் தெற்கே மற்றொன்றாக இருக்கின்றன. சென்னை விமான நிலையம் வடக்கு அட்சரேகை 12 பாகை 59 கலை சொச்சம். பலாலி 9 பாகை 47 கலை சொச்சம். கழித்தால் 3 பாகை 12 கலை. மூன்று அறுபது நூற்றெண்பது, அதோடு பன்னிரண்டு: 192 கலை. ஆகவே 192 கடல் மைல். கிலோமீட்டராக மாற்றினால் 356. வேறெந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

திருச்சி, பலாலி ஜோடி இவ்வளவு வசதியாக அமையவில்லை. கோடு தென்கிழக்காகச் சாய்ந்து போகிறது. பந்தின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மிகக் குறுகிய வழியைக் கணக்கிடும் முறையில் போட்டால் 99 கடல் மைல் வருகிறது. அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து நகர்த்தினால் பட்டுக்கோட்டைக்குச் சற்றுத் தெற்கே, அதிராம்பட்டினத்தை ஒட்டிக் கரை முடிகிறது. ஏறக்குறையப் பாதி வழி தஞ்சை, புதுக்கோட்டை மண். மறுபாதி பாக் நீரிணை.

இப்போது அந்த 38 நிமிடத்துக்கு வருவோம். பலாலிக்குத் தமிழ்நாட்டிலிருந்து இரண்டு வழிகளில் ஏ.டி.ஆர். பறக்கிறது. சென்னையிலிருந்து 356 கிலோமீட்டர், திருச்சியிலிருந்து 184. முன்னது பின்னதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. நேரமும் இரு மடங்கா என்றால் இல்லை. சென்னைப் பயணத்துக்கு அட்டவணை தருவது ஒன்றே கால் மணி முதல் ஒன்றரை மணி வரை. அதாவது கூடுதலாக உள்ள 172 கிலோமீட்டருக்குக் கூடுதல் நேரம் இருபது நிமிடம் சொச்சம்தான். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் 172 கிலோமீட்டர் போகவும் அதே இருபது நிமிடம் சொச்சம்தான் ஆகும். ஆக, கூடுதல் தூரத்துக்கு விமானம் தன் முழு வேகத்தில் நேர்மையாகக் கணக்குத் தீர்த்துவிடுகிறது. எவ்வளவு குறுகிய பயணமானாலும் முதலிலேயே எடுத்து வைக்க வேண்டிய ஒரு முதல் இருக்கிறது. அதுதான் அந்த முப்பத்தைந்து, நாற்பது நிமிடம். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் மீட்டரில் குறைந்தபட்சக் கட்டணம் காட்டுகிறதே, அதுபோல.

விமானத்துறையில் பயண நேரம் என்றால் வானில் இருக்கும் நேரம் அல்ல. பிளாக் டைம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மலைப்பாதையில் லாரி நின்றால் ஓட்டுநர் சக்கரத்துக்குக் கல்லை அண்டக் கொடுப்பார் அல்லவா? நிற்கும் விமானத்தின் சக்கரத்துக்கும் அப்படிக் கட்டை வைப்பார்கள். அந்தக் கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கும் கணம் முதல், சேருமிடத்தில் நின்று மறுபடி கட்டை வைக்கும் கணம் வரை உள்ளதுதான் பிளாக் டைம். பயணச்சீட்டில் அச்சாகும் புறப்பாடும் வருகையும் இந்தக் கட்டைகளின் நேரம்தான்; சக்கரம் ஓடுபாதையை விட்டு எழும்பும் நேரமல்ல.

திருச்சியில் அந்த ஏ.டி.ஆரைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்க்கலாம். பெரிய ஜெட் விமானங்களில் முன்கதவு வழியாக ஏறிப் பழகியவர்களுக்கு இது தலைகீழ்: பயணிகள் வால்பக்கக் கதவில் ஏறுகிறார்கள், பெட்டிகள் முன்னால் விமானி அறைக்குப் பின்னே போகின்றன. கதவே கீழே மடங்கிப் படிக்கட்டாகிறது. வலப்பக்க எஞ்சின் உறுமுகிறது, ஆனால் அதன் விசிறி அசையாமல் நிற்கிறது. பிரேக் போட்டு விசிறியைப் பிடித்துவைத்து, உள்ளே எஞ்சினை மட்டும் ஓடவிட்டு மின்சாரமும் குளிர்காற்றும் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. ஹோட்டல் மோடு என்று இதற்குப் பெயர். தனியாக ஒரு துணை எஞ்சினைச் சுமக்காமல் எடையை மிச்சப்படுத்த ஏ.டி.ஆர். நிறுவனம் கண்டுபிடித்த சிக்கனம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விமானம் பழுதாகிவிட்டதோ என்று சந்தேகம் வரும்.

கட்டை எடுத்த பிறகு ஓடுபாதையின் நுனி வரை ஊர்ந்து போக வேண்டும். எந்த நுனி என்பதைத் தீர்மானிப்பது காற்று. விமானம் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. மேற்கு பார்த்த நுனிக்கு 27 என்று பெயர், கிழக்கு பார்த்ததற்கு 09. திசைமானி காட்டும் 270 பாகை, 90 பாகையின் கடைசிச் சுழியை வெட்டி வைத்த எண்கள். அம்மியைப் பறக்கவைக்கும் ஆடிக்காற்று மேற்கிலிருந்து வீசும்போது, யாழ்ப்பாணம் போகிற விமானமும் கரூர்ப் பக்கம் மூக்கை வைத்துத்தான் எழும்பும். சேர வேண்டிய ஊர் முதுகுக்குப் பின்னால் தென்கிழக்கே இருக்கிறது. மேலே போய் வளைந்து திரும்ப வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பிவிட்டால் தஞ்சாவூர்ப் பக்கமாகவே எழும்பிவிடலாம். சில நிமிடம் மிச்சம்.

பலாலியிலும் இதே விளையாட்டு. அங்குள்ள ஓடுபாதை வடகிழக்கு, தென்மேற்காகச் சாய்ந்தது. யாழ்ப்பாணத்தார் சோளகம் என்று சொல்லும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்மேற்கு நோக்கி இறங்குவதுதான் முறை. வடமேற்கிலிருந்து வரும் விமானம் நேரே போய் உட்கார முடியாது; கடல்பக்கமாகச் சுற்றி வடகிழக்கே போய், அங்கிருந்து திரும்பி வர வேண்டும். வீட்டுக்கு எதிரே பஸ் நின்றாலும் வாசல் தெருவின் அந்தப் பக்கம் இருப்பதுபோல.

இந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே முழு வேகத்தில் பறக்க எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று பார்த்தால் சிரிப்பு வரும். 15,000 அடி உயரத்துக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். ஏறும்போது ஏ.டி.ஆரின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டர் சொச்சம். அந்த உயரத்தை எட்ட ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிடமும் முப்பத்தைந்து கடல் மைலுக்கு மேலும் போய்விடும். இறங்குவதற்கு விமானிகளிடம் ஒரு வாய்ப்பாடு உண்டு: ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல். 15,000 அடிக்கு 45 மைல். மொத்தமே 99 மைல். இரண்டையும் கழித்தால் நிமிர்ந்து பறக்க இருபது மைல் மிஞ்சினாலே அதிகம். மேலே போய் மூச்சு விடுவதற்குள் கீழே இறங்கச் சொல்லும் மணி அடித்துவிடுகிறது. கடைசி நிமிடங்களில், தரையை நெருங்கும்போது, வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரை ஒட்டிக் குறைந்துவிடும். ஆகவே "மணிக்கு 500" என்பது இந்தப் பயணத்தில் சில நிமிடங்களுக்கு மட்டும் உண்மை.

காற்றின் உதவியும் தொல்லையும் நீண்ட பயணங்களில்தான் பெரிது. தென்மேற்குப் பருவத்தில் மேலே மணிக்கு 50 கிலோமீட்டர் வேக மேலைக்காற்று முழுதாக எதிர்த்து நின்றாலும், பலாலியிலிருந்து திருச்சி திரும்புகிற விமானத்துக்கு அதனால் இரண்டு, மூன்று நிமிடத்துக்கு மேல் நட்டமில்லை. கடலின் நடுவே எங்கோ ஓரிடத்தில் சென்னைக் கட்டுப்பாட்டு மையம் விமானத்தைக் கொழும்பு மையத்திடம் ஒப்படைக்கிறது. வானொலி அலைவரிசையை மாற்றி வணக்கம் சொல்வதோடு அது முடிந்துவிடும்.

இவை எல்லாம் கூட்டினாலும் ஒரு மணி நேரம் முழுதாக நிரம்பாது. மிச்சத்தை நிறுவனங்கள் தாமே திணிக்கின்றன. அட்டவணை நேரத்திலிருந்து பதினைந்து நிமிடத்துக்குள் வந்தால் குறித்த நேரத்தில் வந்ததாகக் கணக்கு. அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள முன்கூட்டியே சில நிமிடங்களைக் கூட்டி எழுதிவிடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். "பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம்" என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கும்போது பயணிகள் மகிழ்கிறார்கள். அந்தப் பத்து நிமிடம் அவர்களிடமிருந்தே எடுத்து அவர்களுக்கே திருப்பிக் கொடுக்கப்பட்டது.

எடுத்து வைக்கும் முதலே இல்லாமல் விமானம் பறக்க முடியுமா? ஏறக்குறைய முடியும். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று இரண்டு தீவுகள். இடைத்தூரம் சுமார் 2.7 கிலோமீட்டர். 1967 முதல் லோகன் ஏர் நிறுவனம் அங்கே சேவை நடத்துகிறது. உலகின் மிகக் குறுகிய வழக்கமான விமானப் பயணம் இதுதான். அட்டவணையில் இரண்டு நிமிடம். காற்று கூடிவந்த ஒரு நாளில் 53 வினாடியில் முடிந்ததுதான் சாதனை. பிரிட்டன் நார்மன் ஐலண்டர் என்னும் குட்டி விமானம், வரிசையில் காத்திருக்க வேறு விமானங்கள் இல்லை, உயரே ஏற வேண்டிய அவசியமும் இல்லை. இதை நம் ஊர் அளவில் சொன்னால் இன்னும் சுவை. தூத்துக்குடி விமான நிலையத்தின் ஓடுபாதை இப்போது 3,115 மீட்டர். ஸ்காட்லாந்துப் பயணிகளின் மொத்தப் பயணமும் தூத்துக்குடி ஓடுபாதைக்குள் அடங்கிப் போகும்.

தூத்துக்குடி இந்தக் கதையில் இன்னொரு விதத்திலும் உண்டு. அந்த ஓடுபாதை முன்பு 1,350 மீட்டர்தான். ஏ.டி.ஆர். முழுச் சுமையோடு எழும்பச் சுமார் 1,300 மீட்டர் போதும். ஜெட் விமானத்துக்குப் போதாது. சென்னை, தூத்துக்குடி நேர்தூரம் சுமார் 530 கிலோமீட்டர். ஏ.டி.ஆர். வேகத்தில் அது ஒரு மணிக்கும் மேல். மணிக்கு 830 கிலோமீட்டர் போகும் ஜெட்டில் 38 நிமிடம். இங்கே ஜெட் வந்தால் இருபத்தைந்து நிமிடம் உண்மையிலேயே மிச்சம். நீட்டிய ஓடுபாதையும் புதிய முனையமும் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டதில் பொருள் இருக்கிறது. ஆனால் திருச்சி, பலாலிக்கு ஜெட் விட்டால் கிடைப்பது காகிதத்தில் ஒன்பது நிமிடம். அந்த வேகத்தை எட்டுவதற்கே கடல் போதாது என்பதால் நிஜத்தில் அதுவும் கிடைக்காது. விசிறி விமானத்தைப் பழைய காலத்து வண்டி என்று முகம் சுளிப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

பழைய காலத்தில் என்ன நடந்தது என்பதும் இந்தப் பாதையில் ஆர்வமானதுதான். பலாலி இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை அமைத்த தளம். 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் பயணமே இரத்மலானையில் புறப்பட்டுக் காங்கேசன்துறை வழியாக, அதாவது பலாலியில் இறங்கி, சென்னைக்கு வந்தது. விமானத்தின் பெயர் சீதா தேவி. இரட்டை எஞ்சின் டகோட்டா. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. டகோட்டாவின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டர் அளவு. அந்த வேகத்தில் பலாலியிலிருந்து சென்னைக்கு 356 கிலோமீட்டர் பறக்க ஒரு மணி பதினோரு நிமிடம். தரையில் ஊரும் நேரத்தை அதோடு சேர்க்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனாலும் முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு அதே இரண்டு ஊர்களுக்கு அட்டவணை ஒன்றே கால் மணிக்கு மேல் தருகிறது என்பதைப் பார்த்தால், இடையில் வந்த முன்னேற்றத்தை எந்த இடத்தில் தேடுவது என்று தெரியவில்லை.

பிறகு போர் வந்தது. பலாலி ராணுவத் தளமானது. சுற்றியிருந்த வலிகாமம் வடக்கின் செம்மண் தோட்டங்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. யாழ்ப்பாணத்திலிருந்து திருச்சி வர விரும்பியவர் எதிர்த்திசையில், தெற்கே கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. ஏ-9 சாலை திறந்திருக்கும் காலங்களில் வேன் அல்லது பஸ்ஸில் ஏழெட்டு மணி நேரம், அங்கே காத்திருப்பு, பிறகு கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிக்கு 420 கிலோமீட்டர் விமானம். 184 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊருக்கு எண்ணூறு கிலோமீட்டர் சுற்று. போர் முடிந்து பத்தாண்டுக்குப் பிறகும் இதுதான் நிலை. 2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது சென்னையிலிருந்து வந்து இறங்கியது அலையன்ஸ் ஏர் விமானம். அடுத்த மாதம் சேவை தொடங்கி, 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்றது. 2022 டிசம்பர் 12 அன்று மறுபடி தொடங்கியது. 2024 செப்டம்பரில் சென்னையிலிருந்து இண்டிகோவும் சேர்ந்துகொண்டது; திருச்சி அதற்கடுத்த ஆண்டு.

கடல்வழியும் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14 அன்று பயணிகள் கப்பல் விடப்பட்டது. சுமார் 60 கடல் மைல், நாலு மணி நேரம் அளவு. தூரத்தில் கப்பல் ஜெயிக்கிறது. ஆனால் திருச்சிக்காரர் நாகைக்குப் போய்ச் சேரவே மூன்று மணி நேரம் வேண்டும்.

விமானமும் தரையில் தோற்கத்தான் செய்கிறது. அயல்நாட்டுப் பயணம் என்பதால் இரண்டு, மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள். குடியேற்ற அதிகாரி முன் ஒரு வரிசை, சுங்கத்துக்கு ஒரு வரிசை, அந்தக் கரையில் இறங்கினால் மறுபடி இரண்டு வரிசை. பலாலியிலிருந்து யாழ்ப்பாண நகரம் 16 கிலோமீட்டர் போல. ஸ்ரீரங்கத்தில் வீட்டைப் பூட்டிக் கிளம்புகிறவர் நல்லூர்க் கோயில் வாசலில் நிற்க ஐந்தாறு மணி நேரம் ஆகிவிடும். அதில் வானில் போனது முக்கால் மணி கூட இராது. திருச்சியிலிருந்து சென்னைக்கு வந்தே பாரத் ரயில் நாலு மணி நேரத்தில் போய்விடுவதால், அந்தத் தடத்தில் விமானத்துக்கும் ரயிலுக்கும் போட்டி நடக்கிறது. பாக் நீரிணையில் விமானத்துக்கு அந்தப் பயமில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்தப் பயணிகளுக்குத் தொல்லை இல்லை. கைக்கடிகாரத்தைத் திருப்பி வைக்க வேண்டாம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இப்போது ஒரே நேரம். எப்போதும் அப்படி இருந்ததில்லை. மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க இலங்கை 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் நகர்த்தியது. அக்டோபரில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்து, மிச்ச அரை மணியை 2006 ஏப்ரலில்தான் விட்டது. அந்த 1996-ஆம் ஆண்டின் ஐந்து மாதங்களில் பலாலியிலிருந்து இந்த விமானம் ஓடியிருந்தால் அட்டவணை வேடிக்கையாக இருந்திருக்கும். பலாலியில் புறப்பாடு பகல் 3 மணி. திருச்சியில் வருகை, அதே பகல் 3 மணி.